டோக்கெலாவில் ஆறு மாத வேலை: கப்பல், தண்ணீர், சாப்பாடு விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்

மார்த்தாண்டம்_வயரிங்:

எல்லாருக்கும் வணக்கம். சித்தப்பா மகனுக்கு டோக்கெலாவில் சோலார் பராமரிப்பு வேலை, ஆறு மாத ஒப்பந்தம். தங்குவது நுகுனோனுவில், ஃபகாஓஃபோ, அட்டாஃபு இரண்டு தீவுக்கும் அவ்வப்போது போகணுமாம். கம்பெனி அனுப்பின தாளில் "ஆப்பியாவிலிருந்து கப்பல்" என்று ஒற்றை வரிதான் இருக்கு. பசிபிக் கடலில் நியூசிலாந்து ஆட்சிக்குக் கீழே உள்ள தீவுகள் என்பதால் வீட்டில் எல்லாரும் ஆக்லாந்து மாதிரி நினைத்துக்கொண்டு இருக்காங்க. மேப்பில் பார்த்தால் ஏர்போர்ட்டே காணோம்.

தெரிய வேண்டியது: கப்பலில் இருந்து கரைக்கு எப்படி இறங்குறது (அவனுக்கு நீச்சல் சுமார்தான்), குடிதண்ணீர், இங்கிருந்து என்ன சாமான் கொண்டுபோகலாம், பணம், போன். வயசு 34, பிரஷர் மாத்திரை தினமும் உண்டு. லட்சத்தீவு மாதிரிதான் இருக்கும் என்று ஒருத்தர் சொன்னார். சரியா?

தூத்தூர்_கடலோடி:

பவளத் தீவு என்கிற மட்டில் லட்சத்தீவு மாதிரிதான். வட்டமாகப் பவளப்பார், நடுவில் காயல் போலத் தண்ணீர், பார் மேலே மணல் திட்டு, அதில் தென்னை. எங்கேயும் கடல்மட்டத்துக்கு ஐந்து மீட்டருக்கு மேல் உயரம் கிடையாது. அதோடு ஒற்றுமை முடிந்தது. அகத்தியில் விமானம் இறங்கும். டோக்கெலாவில் விமானத்தளமும் இல்லை, துறைமுகமும் இல்லை. சமோவாவின் ஆப்பியாவில் கப்பல் ஏறி வடக்கே சுமார் 500 கிலோமீட்டர். முதலில் ஃபகாஓஃபோ, பிறகு நுகுனோனு, கடைசியில் அட்டாஃபு. முதல் தீவுக்கே ஒரு நாள் ஓட்டம், அட்டாஃபு என்றால் ஒன்றரை நாளுக்கு மேல். மாத்தாலிகி என்கிற பயணிகள் கப்பல் 2016 முதல் ஓடுகிறது. சுமார் இரண்டு வாரத்துக்கு ஒரு நடை. கடல் அடித்தாலோ, நோயாளியைக் கொண்டுவர வேண்டி வந்தாலோ, எஞ்சின் கோளாறு என்றாலோ அந்தக் கணக்கு மாறும். தாளில் போட்ட தேதியை நம்பித் திரும்பும் விமான டிக்கெட் எடுக்கக் கூடாது. கப்பல் ஆப்பியாவுக்கு வரும் நாளுக்கும் விமானத்துக்கும் நடுவில் ஒரு வாரமாவது விடணும்; தேதி மாற்றிக்கொள்ளும் டிக்கெட்டாக எடுப்பது அதைவிட நல்லது.

இறங்குவது பற்றி. கப்பல் நங்கூரம் போடாது. பாருக்கு வெளியே கடல் சுவர் மாதிரி செங்குத்தாக ஆழமாகிறது, நங்கூரம் பிடிக்க அடி கிடைக்காது. அதனால் காற்று மறைவுப் பக்கம் எஞ்சினை ஓடவிட்டே நிற்கும். ஊரிலிருந்து அலுமினியப் படகோ தட்டைப் படகோ வந்து ஆளையும் சரக்கையும் ஏற்றிப் போகும். போகிற வழி, பாரை வெடிவைத்து வெட்டின ஒடுக்கமான கால்வாய். தேங்காப்பட்டணம் பொழிக்குள் (ஆறு கடலில் சேரும் வாய்) வள்ளம் ஏறும் அதே கணக்குதான்: பெரிய அலைகள் கூட்டமாக வந்து உடைந்த பிறகு ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும், அதில் முழு வேகத்தில் உள்ளே வந்துவிடணும். ஓட்டுகிறவர் வெளியே வெகுநேரம் நின்று அலையையே பார்த்துக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம். அவசரப்படுகிறவனைப் பார்த்துத்தான் பயப்படணும்.

ஆபத்து எல்லாம் கப்பலிலிருந்து படகுக்குக் கால் மாற்றும் அந்த ஒரு நொடியில். படகு அலையில் ஏறி உச்சியில் ஒரு கணம் நிற்கும். அப்போது கால் வைக்கணும். இறங்கத் தொடங்கினபின் வைத்தால் படகு காலுக்குக் கீழே ஓடிப்போகும். ஏறிவரும்போது வைத்தால் முழங்கால் மடங்கும். இரண்டு கையும் காலியாக இருக்கணும், முதுகுப்பையைக் கழற்றிக் கப்பல்காரரிடம் கொடுத்துவிடணும். கைவிரலைப் படகு விளிம்புக்கு வெளியே தொங்கவிடவே கூடாது, இரண்டு பலகைக்கும் நடுவில் விரல் போனால் திரும்பி வராது. லைஃப் ஜாக்கெட்டில் கவட்டு வார் இருந்தால் கட்டாயம் கட்டணும். இல்லாவிட்டால் தண்ணியில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே ஏறி ஆள் கீழே தொங்குவான். நீச்சல் சுமார் என்பது இங்கே பெரிய குறை இல்லை, ஜாக்கெட்டைத் தளர்வாகப் போடுவதுதான் குறை.

சரக்குக்கு அட்டைப்பெட்டி வேண்டாம். உப்புத் தண்ணி பட்டால் கூழாகும், கரப்பானும் குடியேறும். 20 லிட்டர் பெயின்ட் வாளி, ரப்பர் வளையம் உள்ள மூடியோடு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்க. மேலே பெயரும் தீவின் பெயரும் நாலு பக்கமும் பெயின்டில் எழுதணும்; மூன்று தீவுச் சரக்கும் ஒரே கப்பலில் போகிறது, எழுத்து அழிந்தால் வாளி அட்டாஃபு வரை போய்விட்டு அடுத்த நடையில்தான் வரும். காலியானபின் அதே வாளி தண்ணி பிடிக்க ஆகும்.

மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று ஒரே சீராக அடிக்கும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம். 2005 பிப்ரவரியில் பெர்சி புயல் அங்கே நல்ல சேதம் செய்தது. நம்ம ஆட்களுக்கு ஒன்று: பூமத்திய ரேகைக்குத் தெற்கே புயல் சுற்றும் திசை மாறும். இங்கே காற்றைப் பார்த்து நின்றால் புயலின் நடு வலப்பக்கம், அங்கே இடப்பக்கம்.

தக்கலை_டிக்கெட்:

கடலோடி அண்ணாச்சி கப்பலைச் சொல்லிவிட்டார், நான் கப்பல் வரைக்கும் சொல்கிறேன்.

ஆக்லாந்து வழியாகப் போனால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு நியூசிலாந்து டிரான்சிட் விசா வேண்டும். திருவனந்தபுரம், சிங்கப்பூர், ஃபிஜியில் நாடி, அங்கிருந்து ஆப்பியா என்று போனால் அந்தத் தொல்லை இல்லை; ஃபிஜிக்கு நமக்கு முன்விசா கிடையாது. ஆனால் சிங்கப்பூரில் ஒரு பொறி இருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தால், பெட்டியை வெளியே எடுத்துத் திரும்பப் போடணும், அதற்கு சிங்கப்பூர் விசா கேட்பார்கள். ஒரே டிக்கெட்டாக, பெட்டி நேராக ஆப்பியா வரை போகிற மாதிரி எடுப்பதே நல்லது.

சமோவா வழிப்போக்கருக்கு அனுமதியை வந்திறங்கினதும் கொடுக்கும். டோக்கெலாவுக்குத் தனி அனுமதி. அதை ஆப்பியாவில் உள்ள டோக்கெலா அலுவலகம் வழியாகக் கேட்கணும், போகிற தீவின் மூப்பர் சபை சம்மதம் சொன்னால்தான் கிடைக்கும். வேலைக்குப் போகிறவருக்குக் கம்பெனியே வாங்கித் தர வேண்டியது முறை. கையில் காகிதம் வரும் முன் இங்கிருந்து கிளம்பவே கூடாது.

பணம்: நியூசிலாந்து டாலர். தீவில் பேங்கும் இல்லை, ஏடிஎம்மும் இல்லை. நோட்டாகக் கையில் வேண்டும், சின்ன நோட்டாக. சம்பளத்தை வெளிநாட்டுக் கணக்கிலேயே போடச் சொல்லி, செலவுக்கு மட்டும் எடுத்துப் போகலாம். செலவழிக்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

2019 கடைசியில் சமோவாவில் தட்டம்மை பரவி 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதனால் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட சான்று கையில் இருப்பது நல்லது.

குலசேகரம்_சிஸ்டர்:

தண்ணீரும் உடம்பும் பற்றி எழுதுகிறேன்.

அங்கே ஆறு, குளம் எதுவும் இல்லை. மணலுக்கு அடியில் மழைநீர் ஒரு மெல்லிய படலமாக உப்புத் தண்ணீர் மேல் மிதக்கிறது, அவ்வளவுதான். திட்டு சின்னது என்பதால் அந்தப் படலமும் மெல்லியது. கொஞ்சம் அதிகமாக இறைத்தாலோ, பெரிய அலை ஊருக்குள் ஏறினாலோ கரித்துப்போகும். குடிப்பது முழுக்கக் கூரையில் விழும் மழைநீர். ஆண்டுக்கு 2500 மில்லிமீட்டருக்கு மேல் மழை உண்டு. ஆனால் லா நினா (பசிபிக் நடுக்கடல் வழக்கத்தைவிடக் குளிரும்) ஆண்டில் மாதக்கணக்கில் வற்றும். 2011 அக்டோபரில் டோக்கெலாவும் துவாலுவும் தண்ணீருக்காக அவசரநிலை அறிவித்து, வெளியிலிருந்து கப்பலில் தண்ணீர் வந்தது.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 60 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 600 லிட்டர், சிந்தியது சிதறியது போகத் தொட்டிக்கு 480 தேறும். முதலில் வடியும் தண்ணீரைத் தொட்டிக்குள் விடக் கூடாது. எலி மூத்திரம், பறவை எச்சம், உப்புப் படிவு எல்லாம் அதில்தான். சதுர மீட்டருக்கு அரை லிட்டர் வீதம், இந்தக் கூரைக்கு 30 லிட்டர், வெளியே போகணும். எலிக்காய்ச்சல் வருவதும் அந்த வழியில்தான். தொட்டி வாயில் கொசுவலை இறுக்கமாக இருக்கணும், அங்கே டெங்குவும் உண்டு. கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதித்தால் போதும். விறகோ கேஸோ இல்லாத நாளில் மணமில்லாத சாதா பிளீச், 6 சதவீதம் உள்ளது என்றால் லிட்டருக்கு 2 சொட்டு, அரை மணி நேரம் வைத்துவிட்டுக் குடிக்கலாம். கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்டணும், கலங்கலில் பிளீச் வேலை செய்யாது.

அடுத்தது மீன். கன்யாகுமரிக்காரருக்கு மீனைப் பற்றிச் சொல்லித் தருவதா என்று சிரிக்காதீர்கள், இதுதான் நம் ஆட்களை ஏமாற்றும் விஷயம். பார் மீனில் சிகுவாட்டெரா என்கிற விஷம் இருக்கலாம். செத்த பவளத்தின் மேல் வளரும் ஒரு நுண்பாசியில் உண்டாகிறது. அதைச் சின்ன மீன் தின்ன, அதைப் பெரிய மீன் தின்ன, கலவா, சீலா, சங்கரா, அஞ்சாளை போன்றவற்றில் சேர்ந்து நிற்கும். மீன் பார்க்கப் புத்தம்புதிதாக இருக்கும். வாடை, ருசி எதிலும் மாற்றம் தெரியாது. பொரித்தாலும் குழம்பு வைத்தாலும் உறைய வைத்தாலும் போகாது. தலை, ஈரல், சினை மூன்றிலும் அதிகம். நாம் முதலில் எடுப்பதே தலையைத்தானே. தின்ற சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு. பிறகு உதடு மரத்துப்போகும், குளிர்ந்த தண்ணீர் கையில் சுடுகிற மாதிரி இருக்கும். நாடித்துடிப்பும் பிரஷரும் இறங்கும். உங்கள் பையன் கவனிக்க வேண்டியது இது: அந்த நேரத்தில் வழக்கம்போலப் பிரஷர் மாத்திரையை விழுங்கினால் இன்னும் இறங்கும். உடனே கிளினிக் போய் மாத்திரை விவரம் சொல்லணும். எந்தப் பார் பகுதியில் எந்த மீன் ஆகாது என்பது அந்தந்த ஊர் மீனவருக்குத் தெரியும், கேட்காமல் தானே தூண்டில் போட்டுத் தின்னக் கூடாது.

வெளிக்கடல் மீன், அதாவது சூரை, கேரை, பறவைக்கோலா, இவற்றில் அந்த விஷம் இல்லை. ஆனால் சூரையும் கேரையும் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் முகம் சிவந்து தலை வெடிக்கும், ஒவ்வாமை மாதிரி ஒரு நஞ்சு வரும். அதுவும் சமைத்தால் போகாது.

பவளம் கீறினால் சின்னக் கீறல்தானே என்று விடக் கூடாது. உள்ளே துகள் நிற்கும், இரண்டு நாளில் சீழ் வைக்கும். நல்ல தண்ணீரில் பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவி மருந்து போடணும். தண்ணிக்குள் நடக்கக் கெட்டி அடி உள்ள ஷூ. கல்மீன் குத்தினால் தாங்கும் சூட்டில், 45 டிகிரி அளவுத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டே கிளினிக்குக்குத் தூக்கிப் போகணும், வலி குறையும்.

மூன்று தீவிலும் மருத்துவ வசதி உண்டு. பெரிய ஆபரேஷன் என்றால் கப்பலில் ஆப்பியா, வேறு வழி இல்லை. ஆகவே பல் சொத்தை, குடலிறக்கம், மூலம், சிறுநீரகக் கல் எதுவானாலும் இங்கேயே பார்த்து முடித்துவிட்டுப் போகணும். மாத்திரை ஆறு மாதத்துக்கு இல்லை, எட்டு மாதத்துக்கு. இரண்டாகப் பிரித்துக் கைப்பையில் பாதி, வாளியில் பாதி. டாக்டர் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் இருக்கணும். கப்பல் வாந்திக்கு மாத்திரை முந்தின இரவே போடணும், வாந்தி தொடங்கினபின் போட்டால் பயனில்லை. தூக்கம் வரும் மாத்திரை என்பதால் பிரஷர் டாக்டரிடம் கேட்டே வாங்கவும்.

மார்த்தாண்டம்_வயரிங்:

சிஸ்டர், ரொம்ப நன்றி. பையன் கலவாத் தலைன்னா உயிரை விடுவான், முதல்ல அதைச் சொல்லணும். சமையல் சாமான் என்ன கொண்டுபோகலாம்? மொளவுப்பொடி, குடம்புளி, உளுந்து, கருவாடு எல்லாம் கட்டி வச்சிருக்காங்க.

ஈத்தாமொழி_தோப்பு:

கருவாட்டைப் பிரிச்சு வீட்டிலேயே வச்சிரச் சொல்லுங்க மக்கா. ஃபிஜி, சமோவா எல்லா இடத்திலும் விவசாயக் குவாரண்டைன் உண்டு. விதை, பச்சை இலை, பழம், தேன், இறைச்சி இதெல்லாம் பிடிபடும். கறிவேப்பிலைக் கொழுந்து, கொட்டை உள்ள புளி, வீட்டில் திரித்துப் பிளாஸ்டிக் கவரில் கட்டின பொடி மூன்றும் வம்பு. கடையில் சீல் பண்ணி, என்ன சாமான் என்று அச்சடித்த பாக்கெட்டாக வாங்கணும். முழு மல்லி, கடுகுக்குப் பதில் பொடி. எதுவானாலும் படிவத்தில் "உணவுப் பொருள் உண்டு" என்று எழுதிவிடணும். எழுதிவிட்டால் மிஞ்சிப்போனால் எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம். நியூசிலாந்து வழி என்றால் 400 டாலர், அங்கேயே கட்டணும்.

அரிசி, மாவு, சீனி, எண்ணெய், டின் மீன் ஆப்பியாவில் வாங்கிக் கப்பலில் ஏற்றலாம். தீவில் கூட்டுறவுக் கடை இருக்கு. கப்பல் வந்த வாரம் எல்லாம் கிடைக்கும், அடுத்த கப்பலுக்கு முந்தின வாரம் அலமாரி காலி. வெங்காயம், முட்டை, பால்பொடி மூன்றும்தான் முதலில் தீரும் என்று வைத்துக்கொண்டு வாங்கணும். பேக்கிங் குப்பையை ஆப்பியாவிலேயே கழித்துவிட்டுப் போவது மரியாதை, அந்த மணல் திட்டில் குப்பை போட இடம் இல்லை.

மற்றபடி நம்ம ஊர்க்காரன் பட்டினி கிடக்க மாட்டான். தேங்காய், சீமைப்பலா, குழி தோண்டி இலைதழை போட்டு வளர்க்கும் ஒரு பெரிய சேம்பு, கோழி, பன்றி, மீன். தென்னம்பாளையைச் சீவி அக்கானி (பதநீர்) மாதிரி இறக்கிப் பாகு காய்ச்சுவாங்க. மரச்சீனியை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம், பவள மணலில் அது சொல்லும்படி வராது.

ஊர்ப் பழக்கம் தெரிஞ்சிருக்கணும். ஊர் சேர்ந்து பிடிச்ச மீனைக் கரையில் குவிச்சு வீட்டுக்கு வீடு ஆள் கணக்குப் பார்த்துப் பங்கு வைப்பாங்க. இனாதி என்று பேர். விலை பேசறது, கூட ஒண்ணு கேக்கறது எல்லாம் அங்கே அசிங்கம். ஞாயிற்றுக்கிழமை வேலை, மீன்பிடி, குளியல் ஆட்டம் கிடையாது. அட்டாஃபுவில் சீர்திருத்தச் சபை, நுகுனோனுவில் கத்தோலிக்கர், ஃபகாஓஃபோவில் இரண்டும். மாலை ஜெப நேரத்தில் தெருவில் நடமாடாமல் நிக்கணும். சாரம் (கைலி) கட்டிக்கிட்டுத் தாராளமா நடக்கலாம், அவங்களும் அதே மாதிரிதான் கட்டுவாங்க. மேலே சட்டை வேணும்.

முப்பந்தல்_டெக்னீஷியன்:

வேலை பற்றி யாரும் எழுதவில்லை.

2012-ல் மூன்று தீவிலும் சேர்த்து 4032 பேனல், 1344 பேட்டரி போட்டார்கள். அதற்கு முன் டீசல்தான். டோக்கெலா தெற்கு அட்சரேகை 8.5 முதல் 9.5 வரை, நாம் வடக்கே 8. வெயில் கிட்டத்தட்ட ஒன்றுதான், திசைதான் தலைகீழ்: பேனல் அங்கே வடக்கு பார்க்கணும். இங்கே தெற்கு பார்த்துப் பழகின கை, ரிப்பேருக்குக் கழற்றி மாட்டும்போது தவறும். சாய்வு 10 டிகிரிக்குக் குறைந்தால் மழை உப்பைக் கழுவிவிடாது, ஓரத்தில் உப்பும் அழுக்கும் கட்டிக்கொள்ளும்.

முக்கால்வாசிப் பழுது உப்புக் காற்றால். போல்ட் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304 துருப்புள்ளி விடும். அலுமினியச் சட்டத்தில் ஸ்டீல் போல்ட் நேராகத் தொட்டால் ஈர உப்பில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும், நடுவில் நைலான் வாஷர் வேண்டும். கேபிள் முனையில் மாட்டும் லக் தகரப் பூச்சு உள்ளதாக இருக்கணும். பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரில் ஒரு கம்பெனி ஆணும் இன்னொரு கம்பெனிப் பெண்ணும் கூட்டவே கூடாது. பொருந்தின மாதிரிதான் தோன்றும், உள்ளே தொடுபரப்பு சரியில்லாமல் சூடாகி உருகும். டிசி பக்கம் ஏசி ஃப்யூஸ் போட்டால் தீ. டிசியில் மின்னோட்டம் பூச்சியத்தைத் தொடாது, பொறி அணையாது. சாதாக் கேபிள் டை வெயிலில் நொறுங்கும். இன்வெர்ட்டர் துவாரங்களில் மெல்லிய ஸ்டீல் வலை வேண்டும், பல்லி புகுந்து போர்டில் செத்துக் கிடப்பது வழக்கம். கேபிளை எலி கடிக்கும்.

பேட்டரி எந்த வகை என்று கம்பெனியிடம் முன்கூட்டியே கேட்கணும். தண்ணி ஊற்றும் வகை என்றால் டிஸ்டில்டு வாட்டர் கப்பலில்தான் வரும். தீர்ந்துபோனால் கூரைத் தண்ணீரை ஊற்றக் கூடாது, கடலோர மழைநீரில் உப்பு உண்டு, தகட்டைத் தின்னும்.

கருவிகளில் எல்லாரும் மறப்பது மல்டிமீட்டருக்கு உள்ளே இருக்கும் ஃப்யூஸ். அது போனால் ஆம்பியர் பார்க்க முடியாது, அடுத்த கப்பல் வரை கை கட்டி உட்காரணும். நாலைந்து கூடுதலாக வைத்துக்கொள்ளவும். பவர்பேங்க் 100 வாட்-ஹவருக்குள், கைப்பையில் மட்டும். பிளக் நியூசிலாந்து மாதிரி, சாய்ந்த தட்டைக் காலுள்ளது. நம்ம மூன்று உருண்டைக் கால் போகாது.

லாகரில் (மின் உற்பத்தியைப் பதியும் கருவி) நேர மண்டலம் பார்க்கணும். 2011 டிசம்பர் 30-ஐத் தாண்டிக் குதித்து டோக்கெலாவும் சமோவாவும் தேதிக்கோட்டின் இந்தப் பக்கம் வந்துவிட்டன. பழைய சாஃப்ட்வேரில் கழித்தல் 10 அல்லது 11 இருக்கும், கையால் கூட்டல் 13 போடாவிட்டால் எல்லாப் பதிவும் ஒரு நாள் பின்னால் நிற்கும்.

மார்த்தாண்டம்_வயரிங்:

எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்தாச்சு. கடைசியா ஒண்ணு. சித்தி தினமும் வீடியோ கால் பேசணும்னு நிக்கிறாங்க. அது நடக்குமா?

தக்கலை_டிக்கெட்:

நடக்கும். 2022-லிருந்து சதர்ன் கிராஸ் நெக்ஸ்ட் கடலடிக் கேபிள் டோக்கெலாவைத் தொடுகிறது; உள்ளூர் டெலிடோக் சிம் அங்கே போய் வாங்கணும். நேரம் நம்மைவிட ஏழரை மணி முன்னால். நமக்குக் காலை 8 என்றால் அங்கே பிற்பகல் 3:30. சித்தி ராத்திரி சாப்பாடு முடித்து 8 மணிக்குக் கூப்பிட்டால் அங்கே மறுநாள் விடியக்காலம் 3:30. காலையிலேயே பேசப் பழகிக்கொள்ளட்டும்.

அதைவிட முக்கியம் பேங்க் ஓடிபி. இந்திய சிம்முக்கு அங்கே சிக்னல் கிடைக்கும் என்று கணக்குப் போடவே கூடாது, எஸ்எம்எஸ் வராவிட்டால் இங்குள்ள கணக்கிலிருந்து ஒரு ரூபாய் நகராது. கிளம்பும் முன் பேங்கில் போய், ஓடிபி மின்னஞ்சலுக்கும் வருமா என்று கேட்டு எழுதிக் கொடுக்கணும். வராது என்றால் சித்தியையோ சித்தப்பாவையோ கூட்டுக் கணக்கில் சேர்த்துவிடணும். லோன் தவணை இருந்தால் தானாகப் பிடிக்கும்படி போட்டு, எட்டு மாதத் தவணைக்கான பணத்தைக் கணக்கிலேயே விட்டுவிட்டுப் போகட்டும்.